கம்பெனியோடு ஆராய்ச்சி செய்யப்போகும் பிள்ளைகளுக்கு

பயோஃபிலிம் ஆராய்ச்சிக்காக முதல்முறை ஒரு கம்பெனியோடு உட்காரப்போகிறவர்கள் இந்த ஏழு விஷயங்களையும் மனதில் வையுங்கள்.

1. ஆலைக்கு நேரில் போங்கள். குளிர்விப்புக் கோபுரத்துத் தண்ணீரைப் பாட்டிலில் அனுப்பி, "கிருமி எவ்வளவு?" என்பார்கள். பெரும்பாலான கிருமிகள் தண்ணீரில் மிதப்பதில்லை; தாமே சுரந்த பசைக்குள், குழாய்ச் சுவரில் ஒட்டிக் கிடக்கும்; இந்தப் படலம்தான் பயோஃபிலிம். அதனால் நேரில் போய், சுவரைச் சுரண்டிய மாதிரியைக் கேட்டு வாங்குங்கள்.

2. என்ன வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே தெளிவாக்குங்கள். கிருமியைக் கொல்வது வேறு, படலத்தை நீக்குவது வேறு. குளோரினில் எல்லாம் செத்தாலும் பசை மிஞ்சினால் குழாய் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது; அடுத்து வரும் கிருமிக்கு அதுவே தீனி. கதீட்டர் (உடலுக்குள் செலுத்தும் குழாய்) செய்பவருக்கோ கிருமி முதலில் ஒட்டவே கூடாது.

3. சதவீதத்தில் மயங்காதீர்கள். சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி கிருமி இருந்தால், 99.9 சதவீதம் செத்த பிறகும் ஒரு லட்சம் பிழைத்திருக்கும். இந்தத் துறையில் 'லாக்' கணக்கில், அதாவது எத்தனை முறை பத்தில் ஒன்றாகக் குறைந்தது என்று பேசுவது அதனால்தான்.

4. சோதனைக்குப் பொதுத் தரம் இருந்தால் அதையே எடுங்கள். உதாரணமாக, படலம் வளர்க்கும் கருவியான சிடிசி ரியாக்டரில் 8 தண்டுகள், தண்டுக்கு 3 வில்லைகள். அந்த 24 வில்லைகளிலும் படலம் வளர்த்து எண்ணும் முறைக்கு ஏஎஸ்டிஎம் இ2562 என்ற தரம் உண்டு. உங்களுக்கு வந்த எண் இன்னோர் ஆய்வகத்திலும் வந்தால்தான் கம்பெனி அதை நம்பிப் பொருள் செய்யும்.

5. பொதுவானதையும் சொந்தமானதையும் பிரித்து வையுங்கள். அமெரிக்காவில் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1990-ல் தொடங்கிய பயோஃபிலிம் பொறியியல் மையத்தில், ஒன்றுக்கொன்று போட்டியான கம்பெனிகளும் சந்தா கட்டி உறுப்பினராகின்றன. அடிப்படை அறிவும் அளவீட்டு முறைகளும் எல்லோருக்கும் பொது. அவரவர் பொருளைச் சோதிப்பதற்குத் தனி ஒப்பந்தம்.

6. கையெழுத்துக்கு முன்பே வெளியீட்டைப் பேசி முடியுங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்குமுன் மாநாட்டில் வாய் திறந்தால் பல நாடுகளில் உரிமை போய்விடும். கம்பெனி கட்டுரையைப் படித்துப் பார்க்க எத்தனை நாள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மாணவரின் ஆய்வேடு அதற்காக முடங்கக்கூடாது.

7. பலிக்காததை உடனே சொல்லுங்கள். ஆண்டறிக்கை வரை மூடிவைக்காதீர்கள். எண்களைக் காட்டிச் சொன்னால், பலிக்காத அதே மருந்தில் இன்னொரு வருடப் பணத்தைக் கொட்டாமல் வேறு வழி பார்ப்பார்கள். அடுத்த திட்டத்துக்கும் உங்களையே கூப்பிடுவார்கள்.