பைத்தான் வரிமொழிமாற்றியும் தமிழ் எழுத்தெண்ணிக்கையும்: சாவடி ஊர்ப்பெயர்களை முன்வைத்து

திறவுச்சொற்கள்: பைத்தான், வரிமொழிமாற்றி, நிரல் கோப்பு, ஒருங்குறி, எழுத்து, ஊர்ப்பெயர்

முன்னுரை

சென்னையின் மேற்கே, பூந்தமல்லியை ஒட்டிய பகுதியில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்னும் ஊர்கள் உள்ளன. வழிச்செல்வோர் தங்கிய இடத்தைக் குறிக்கும் ‘சாவடி’ இவற்றின் பொதுக்கூறு. இத்தகைய பெயர்களைத் தொகுத்து ஆராய்வோர் இன்று பெரிதும் நாடும் கணினிமொழி, 1991இல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான். அதன் வரிமொழிமாற்றியை இயக்கத் தொடங்கும் தமிழாய்வாளர், ‘எழுத்து’ என்று கணினி எதனைக் கொள்கிறது என்பதை முதலிலேயே அறிதல் வேண்டும்.

ஊடாடு முறை

கணினியின் கட்டளைச் சாளரத்தில் ‘பைத்தான்’ என்பதை ஆங்கில எழுத்துகளில் இட்டால் >>> என்னும் தூண்டுகுறி தோன்றும். அதன்பின் இடும் ஒவ்வொரு வரிக்கும் விடை உடனே கிடைக்கும். நீளம் காணும் ‘லென்’ சார்பினுள் வேலப்பன்சாவடியை மேற்கோள்குறிக்குள் தந்தால் 13 என விடை வரும். இலக்கணப்படி அப்பெயரில் உள்ளவை 8 எழுத்துகளே, மாத்திரையோ 9. குமணன்சாவடிக்கு 11, கரையான்சாவடிக்கு 12 என விடை வரும். இரண்டும் ஏழெழுத்துப் பெயர்கள்!

இது வரிமொழிமாற்றியின் பிழையன்று. ‘லென்’ எண்ணுவது ஒருங்குறியின் குறியெண்களை. மெய்யைப் புள்ளியுடன் நிற்பதாகவும், அகரம் ஏறும்போது புள்ளி நீங்குவதாகவும் தொல்காப்பியம் கொள்ளும். ஒருங்குறியில் அகரமேறிய உயிர்மெய்யே அடிப்படை. புள்ளி அதன்மேல் சேர்க்கப்படும் தனிக்குறி. எனவே ‘ப்’ இரண்டாகவும் ‘ப’ ஒன்றாகவும் எண்ணப்படுகின்றன. இந்த எண்ணிக்கையை நம்பி அசை பிரித்தாலோ சொல்நீளம் ஒப்பிட்டாலோ முடிவு பிழைபடும்.

நிரல் கோப்பு

ஊடாடு முறையில் இட்ட வரிகள் சோதனைக்கு உதவுமேயன்றி ஆய்வுச் சான்றாகா. அவற்றைக் கோப்பாகச் சேமித்துக் கட்டளைச் சாளரத்தில் ‘பைத்தான்’ என்பதோடு கோப்பின் பெயரையும் சேர்த்து இயக்கினால், பிறரும் அதே முடிவைச் சரிபார்க்க இயலும். தொடக்கநிலையில் பலர் இக்கட்டளையை >>> குறிக்குப் பின் இட்டுத் தொடரமைப்புப் பிழையைப் பெறுவர். அவ்விடத்தில் பைத்தான் தொடர்களே செல்லும். மேலும், கோப்பை இயக்கும்போது விடை தானே தோன்றாது. ‘பிரிண்ட்’ கொண்டு கேட்டல் வேண்டும். விண்டோஸ் கணினியில் தரவுக்கோப்பைத் திறக்கையில் யுடிஎஃப்-8 குறியேற்றம் என வெளிப்படையாகக் குறிப்பது நன்று.

உயிர்மெய்க்குறிகளையும் புள்ளியையும் விலக்கி எண்ணும் சிறு நிரலே வேலப்பன்சாவடிக்கு 8 என்னும் விடையைத் தந்துவிடும். ‘க்ஷ’ போன்ற கிரந்தக் கூட்டெழுத்துகளை ஒன்றெனக் கொள்வதா, இரண்டெனக் கொள்வதா என்பதை ஆய்வாளரே முடிவுசெய்து கட்டுரையில் குறித்தல் வேண்டும். முத்து அண்ணாமலை தமிழ்ச் சொற்களாலேயே நிரலெழுத உருவாக்கிய ‘எழில்’ மொழியின் வரிமொழிமாற்றியும் பைத்தானில் எழுதப்பட்டதே. அவரும் பிறரும் ஆக்கிய ஓபன்-தமிழ் நிரலகத்தில் சொல்லைத் தமிழெழுத்துகளாகப் பிரிக்கும் சார்பு உண்டு.

எண்ணிக்கை சரியானாலும் தேடலில் மற்றொரு சிக்கல் எஞ்சும். ‘போரூர்’ என்பதன் ஓகாரக்குறியை ஒரே குறியெண்ணாகவும், இரட்டைக்கொம்பாகிய ஏகாரக்குறி, கால் என இரண்டாகவும் பதியலாம். திரையில் வேறுபாடு தெரியாது. வரிமொழிமாற்றியோ முன்னதற்கு 6, பின்னதற்கு 7 எனக் கூறி, இரண்டும் வெவ்வேறு சொற்கள் என்றே கொள்ளும். பல இடங்களிலிருந்து திரட்டிய ஊர்ப்பெயர்ப் பட்டியலை, தேடலுக்கு முன்பே பைத்தானின் ‘யூனிகோடுடேட்டா’ கூறுகொண்டு ஒரே வடிவுக்குக் கொணராவிடில், போரூர் அப்பட்டியலில் இரண்டு ஊர்களாகிவிடும்.