பிள்ளைகளோடு மலைக்கு

கேள்வி: மே விடுமுறையில் நான்கு வயது, இரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஊட்டி போக ஆசை. சரிப்படுமா?
– ஒரு வாசகி, முத்தாண்டிக்குப்பம்

பதில்: ஊட்டி எங்கேயும் ஓடிவிடாது, முதலில் ஏற்காடு போய் வாருங்கள். விருத்தாசலம் வழியாகச் சேலம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,500 மீட்டர் உயரம். ஊட்டியோ 2,200 மீட்டருக்கும் மேல். 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை வேறு.

மலையேறும் முன் வயிறு முட்டப் பலாச்சுளை வேண்டாம். ஆளுக்கு ஓர் இட்லி போதும். செல்போனை வாங்கி வைத்துவிட்டு, தூரத்து மலையைக் காட்டுங்கள், குமட்டல் குறையும். பொழுது சாய்ந்தால் குளிரும். காதை மூடும் குல்லா அவசியம். காலையில் ஏரிப் படகு, மதியம் தூக்கம். ஒரே நாளில் ஏழு இடம் என்று அலைந்தால் பிள்ளைகள் அழுவார்கள், பெரியவர்கள் சண்டை போடுவார்கள்!