கோடு போடுவது யார்? மாநில எல்லை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மதுரை கே.கே. நகர் மாவட்ட நீதிமன்றப் பக்கம் டீக்கடைகளில், மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வாய்தாவுக்கு வந்தவர்கள் ஊர் நிலவரம் பேசுவார்கள். “தென்மாவட்டத்தையெல்லாம் சேத்து, மதுரையைத் தலைநகரா வச்சுத் தனி மாநிலம் ஆக்கிட்டா என்னண்ணே?” என்பது அங்கே அவ்வப்போது எழும் கேள்வி. அதற்குப் பதில் தேடும் முன், எல்லை பற்றி நாம் நம்பிவரும் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: 1956-ல் மொழி ஒன்றை வைத்தே மாநிலங்களைப் பிரித்தார்கள்.

உண்மை: மொழி முதன்மையான காரணம், ஒரே காரணம் அல்ல. பசல் அலி தலைமையிலான ஆணையம் நிர்வாக வசதி, பொருளாதாரம், நாட்டின் பாதுகாப்பு ஆகியவற்றையும் பார்த்தது. கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் நம்மிடம் வந்தன. தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் சேர்ந்தன. 1895-ல் திறக்கப்பட்ட பெரியாறு அணை அந்தப் பீர்மேடு தாலுகாவில்தான் இருக்கிறது. அணைத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு சேர்ந்து, மேலூர் வயல்கள் வரை பாய்கிறது. அணை நிற்பது கேரள மண். அதை இயக்குவது தமிழ்நாடு. அணையின் நீர்மட்டம் குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதற்கு இந்தக் கோடும் ஒரு காரணம்.

நம்பிக்கை: 1956-லேயே இன்றைய தமிழ்நாடு முழுமையாக உருவாகிவிட்டது.

உண்மை: திருத்தணி நம்மோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1-ல். பெயரும் அப்போது சென்னை மாநிலம்தான். ‘தமிழ்நாடு’ என்று பெயர் சூட்டக் கோரி விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார், 1956 அக்டோபர் 13-ல் மதுரை மருத்துவமனையில் உயிர்விட்டார். அந்தப் பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-ல்.

நம்பிக்கை: சட்டமன்றம் சம்மதிக்காமல் மாநிலத்தைப் பிரிக்க முடியாது.

உண்மை: முடியும். அரசியலமைப்பின் 3-வது பிரிவின்படி அந்த அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உரியது. குடியரசுத் தலைவர் மசோதாவை மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார். அந்தக் கருத்து நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆந்திரச் சட்டமன்றம் 2014 ஜனவரியில் மசோதாவை நிராகரித்தது. ஆனாலும் ஜூன் 2-ல் தெலங்கானா பிறந்தது.

நம்பிக்கை: புது மாவட்டத்துக்கும் டெல்லிதான் அனுமதி தர வேண்டும்.

உண்மை: மாவட்டம், தாலுகா எல்லைகளை வகுப்பது மாநில அரசு. பழைய மதுரை மாவட்டத்தில் கொடைக்கானலும் அடக்கம். 1985-ல் திண்டுக்கல் தனியானது. 1990-களில் தேனி பிரிந்தது. 1956-ல் 13 ஆக இருந்த தமிழ்நாட்டு மாவட்டங்கள் இன்று 38.

ஆக, தாலுகா ஆபீஸ் தொலைவில் இருக்கிறது, கலெக்டரைப் பார்க்க ஒரு நாள் கூலி போகிறது என்பதுதான் நம் குறை என்றால், அதைத் தீர்க்கத் தனி மாநிலம் தேவையில்லை. எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள்; கோட்டையிலேயே முடிகிற காரியம் அது. தனி மாநிலமே வேண்டும் என்பவர்கள் எம்.பி.யிடம் கேட்கலாம், கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் புதுக்கோடு போட்டால் ஆற்றின் தலைமடை எந்தப் பக்கம் போகும் என்பதை முதலில் கேளுங்கள். பெரியாற்றுத் தண்ணீரை நம்பி நாற்று விடும் விவசாயிக்கு அதைவிடப் பெரிய கேள்வி இல்லை.