ஹோர்ட்டன் சமவெளி: காட்டைக் காத்தால் வருமானமும் வரும்

"சும்மா காட்டைப் பார்க்க இவ்வளவு காசு செலவழிச்சு ஏன் வர்றாங்க?" என்று நம்மில் பலர் கேட்கிறோம். இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

ஹோர்ட்டன் சமவெளி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேல் உள்ளது. 1988இல் தேசிய பூங்கா ஆனது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. மரைக் கூட்டங்கள் புல்வெளியில் மேய்வதைக் காணலாம். அழிந்துவிட்டது என்று நினைத்த ஒரு வகைத் தேவாங்கின் படம் இந்தக் காட்டில் எடுக்கப்பட்டு 2010இல் வெளியானது. 'உலக முடிவு' என்ற இடத்தில் மலை 800 மீற்றருக்கும் மேல் செங்குத்தாக இறங்குகிறது. அங்கிருந்து கீழே பார்த்தால் தெரிவது தேயிலைத் தோட்டம்தான்!

இப்படிப்பட்ட இடத்தைக் கெடுக்காமல் பார்ப்பதும், அதன் பயன் சுற்றியுள்ள மக்களுக்கும் கிடைப்பதும்தான் சூழல்சார் சுற்றுலா. ஆள் கூட்டம் மட்டும் வந்தால் அது சூழல்சார் சுற்றுலா ஆகாது.

நமக்கு என்ன வாய்ப்பு? காலை 9, 10 மணிக்கெல்லாம் உலக முடிவை மூடுபனி மறைத்துவிடும். ஆகவே பயணிகள் விடியும்போதே அங்கே இருக்க வேண்டும். பலர் நுவரெலியாவில் தங்கி, இருட்டோடு வேனில் வந்து, மதியத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். வேன் நம்ம ரோட்டால் போகிறது. காசு நம்மிடம் நிற்பதில்லை. பட்டிப்பொல, ஓஹிய பக்கத்திலேயே சுத்தமான தங்குமிடமும் காலைச் சாப்பாடும் கிடைத்தால் சிலராவது நிற்பார்கள். கொழுந்து பறிப்பதைக் காட்டி, தேயிலையின் கதையைச் சொல்ல நம்மைவிடத் தகுந்தவர் யார்? கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளில் சிலர் ஊரோடு இருந்தே சம்பாதிக்கலாம்.

ஆனால் முறைப்படி செய்ய வேண்டும்.

1. வழிகாட்டி வேலைக்கும் வீட்டில் பயணிகளைத் தங்கவைப்பதற்கும் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவுமுறை உண்டு. முதலில் அங்கே விசாரியுங்கள்.

2. லயத்துக் காம்பராவை உங்கள் விருப்பத்துக்கு வாடகைக்கு விட வேண்டாம். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை.

3. பிள்ளைகள் சிங்களமும் ஆங்கிலமும் பேசிப் பழகட்டும். பறவை, மரம், செடிகளின் பெயர்களையும் படிக்கட்டும்.

4. சாப்பாட்டைப் பொலித்தீனில் சுற்றாமல் டப்பாவில் கொடுங்கள். பூங்கா வாசலில் பையைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுவார்கள். மரை அதைத் தின்றால் செத்துப் போகும்.

5. காட்டில் விறகு வெட்டுவது, கண்ணி வைப்பது, செடி பிடுங்குவது எல்லாம் குற்றம். காட்டுத் தீ ஒரு நாளில் அழிப்பது பல வருடமானாலும் திரும்ப வளராது.

தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டி, உரம் போட்டுப் பார்த்தால்தான் கொழுந்து தரும். காடும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், காட்டுக்கு நாம் செய்ய வேண்டிய பெரிய உதவி அதைத் தொடாமல் விடுவதே.

வீட்டில் பேசிப் பாருங்கள்:

• நம்ம டிவிசனில் பயணிகளுக்குக் காட்டத் தகுந்தவை எவை?
• அதைக் கெடுக்கும் எந்தப் பழக்கத்தை நாம் இன்றே விடலாம்?