உடற்கொழுப்பை அளத்தல்

எமது ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றின் இளைஞர் மன்றத்தைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, பட்டாளத்தில் சேரும் எண்ணத்துடன் ஓராண்டாக ஓட்டப் பயிற்சி செய்துவரும் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் தனியே அணுகி, "ஐயா, என் உடம்பில் நூற்றுக்கு 24 பங்கு கொழுப்பாம். என்னைச் சேர்த்துக்கொள்வார்களா?" என்று வினவினார். கைபேசியில் கண்ட அமெரிக்கப் படையின் கணக்கு ஒன்றைத் தாமே போட்டுப் பார்த்திருக்கிறார். அந்த எண்ணைக் கண்ட நாள் முதலாகப் பத்து நாட்கள் ஒருவேளை உணவுதான். ஓட்டமோ நாளுக்கு நாள் தளர்ந்து வந்தது. அவருக்கு விடை கூறும்பொருட்டு யான் படித்தறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். அவரைப் போன்றோர் பிற ஊர்களிலும் இருப்பர் என்பதில் ஐயமில்லை.

எடை வேறு, கொழுப்பு வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும். இதனைத் தெளிவாக்கிய பெருமை அமெரிக்கக் கடற்படை மருத்துவரான ஆல்பர்ட் பென்கே என்பவரைச் சாரும். 1942-இல் அவரும் அவருடைய துணைவரும் தொழில்முறைக் கால்பந்து வீரர் 25 பேரைச் சோதித்தனர். உயரத்துக்கு ஏற்ற எடை இது என வகுத்த அக்கால அட்டவணையின்படி அவர்களுள் 17 பேர் மிகு எடையுள்ளவர்கள், படைக்குத் தகுதியற்றவர்கள்! ஆனால் அவ்வெடையில் பெரும்பகுதி தசையேயன்றிக் கொழுப்பன்று எனச் சோதனை காட்டிற்று. தராசுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றே.

பென்கே கைக்கொண்ட முறை ஆர்க்கிமிடீசின் தத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டது. கொழுப்பு நீரைவிட இலேசானது. ஒரு கன சென்டிமீட்டர் ஏறக்குறைய 0.9 கிராம். கொழுப்பு நீங்கிய உடற்பகுதி ஏறக்குறைய 1.1 கிராம். ஆகவே ஒருவரை நீருள் அமிழ்த்தி நிறுத்தால் அவருடைய உடலின் அடர்த்தியும், அதிலிருந்து கொழுப்பின் விகிதமும் புலப்படும். 495-ஐ அடர்த்தியால் வகுத்து 450-ஐக் கழித்தால் விகிதம் கிட்டும் என்பது 1961-இல் சிரி என்னும் அறிஞர் வகுத்த சூத்திரம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் நீருள் 3 கிலோ நிற்பதாகக் கொள்வோம். அவர் ஒதுக்கிய நீர் 67 லிட்டர். மூச்சை எவ்வளவு வெளிவிட்டாலும் நுரையீரலில் சிறிது காற்று எஞ்சும்; அதனை 1.3 லிட்டர் எனக் கழித்தால் உடலின் கன அளவு 65.7 லிட்டர். கொழுப்பு 14.6 சதவீதம். அக்காற்றைக் கழிக்க மறந்தாலோ, அதே மனிதருக்கு 23.8 சதவீதம் என விடை வரும்! ஆய்வுக்கூடத்திலேயே இத்தகைய பிழை நேரக் கூடுமெனின், திண்ணையில் அமர்ந்து போடும் கணக்கைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

படைவீடுகளில் எல்லாரையும் நீரில் அமிழ்த்துதல் இயலாது. ஆகவே அளவுநாடா வந்தது. 1984-இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர்களான ஹாட்ஜ்டன், பெக்கெட் ஆகியோர், ஆண்களுக்கு வயிறு, கழுத்து, உயரம் ஆகிய மூன்றைக் கொண்டும், பெண்களுக்கு இடுப்புச் சுற்றையும் சேர்த்தும் கொழுப்பை மதிப்பிடும் சூத்திரங்களை வெளியிட்டனர். ஆணின் கொழுப்பு முதலில் வயிற்றில் சேர்கிறது. கழுத்தோ உடற்கட்டின் பருமனைக் காட்டுகிறது. எனவே வயிற்றளவிலிருந்து கழுத்தளவைக் கழித்துக் கணக்கிடுகின்றனர். அமெரிக்கத் தரைப்படை நெடுங்காலம் கைக்கொண்ட வரம்பு 17 முதல் 20 வயது வரையுள்ள ஆண்களுக்கு 20 சதவீதம். 40 வயதைக் கடந்தோர்க்கு 26. எடை அட்டவணையை மீறியவர்களுக்கே நாடா; ஏனையோர்க்கு அதுவும் தேவையில்லை என்பதே அங்கு வழக்கமாயிருந்தது. 2023-இல் அப்படை கழுத்தளவை விட்டு, தொப்புள் மட்டத்து வயிற்றளவும் எடையும் போதும் என மாற்றிற்று. தேறாதவர் டெக்சா என்னும் எக்ஸ்-கதிர்க் கருவி போன்றவற்றால் மறு சோதனை கோரவும் வழி செய்தது. இது நியாயமான ஏற்பாடு என்றே யான் கருதுகிறேன். ஏனெனில் நாடாக் கணக்கில் இயல்பாகவே 3, 4 சதவீதம் முன்பின்னாதல் உண்டு.

இனி நம் இளைஞரிடம் வருவோம். எப்படி அளந்தீர் என்று கேட்டேன். இரவு உணவுக்குப் பின், கைலி முடிச்சின் மேலேயே நாடாவைச் சுற்றி வயிறு 91 செ.மீ. எனக் குறித்திருக்கிறார். கழுத்தை மட்டும் இறுக்கிப் பிடித்து 35 என்றார். வயிறு கூடிற்று, கழுத்து குறைந்தது. இரண்டு பிழையும் ஒரே பக்கம் சாய்ந்தன. மறுநாள் காலை வெறும் வயிற்றுடன் வரச் சொன்னேன். நிமிர்ந்து நிற்கச் செய்து, இயல்பாக மூச்சு விட்ட நிலையில், தொப்புள் மட்டத்தில் நாடா தரைக்கு இணையாகவும் தோலைத் தொட்டும் அழுத்தாமலும் இருக்குமாறு மும்முறை அளந்தோம்: 85. குரல்வளைக்குக் கீழே கழுத்து 37. உயரம் 170. கொழுப்பு 18.6 சதவீதம். வயிற்றில் 2 செ.மீ. மிகுத்து அளந்திருந்தால் 20.1 ஆகியிருக்கும்; வரம்பைத் தாண்டியவராகி விடுவார்! (தையற்காரரின் பழைய துணி நாடா நாளடைவில் நீண்டுவிடும். அதனை ஓர் அளவுகோலுடன் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பயன்படுத்தினோம்.)

அந்நாட்டுச் சூத்திரம் அந்நாட்டு உடல்களை அளந்து உருவானது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2004-இல் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக் என்னும் மருத்துவரும் இலண்டனைச் சேர்ந்த யுட்கின் என்னும் மருத்துவரும் தம்மையே அளந்து ஒரு வியப்பை வெளியிட்டனர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3 தான். ஆயினும் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். மெலிந்து தோன்றும் நம் உடல்களில் கொழுப்பு மறைந்திருக்கக் கூடும். அதற்கு மருந்து பட்டினியன்று. பட்டினி கிடப்பவர் கொழுப்போடு தசையையும் இழக்கிறார். ஓடுவதற்கு வேண்டியது தசை. மேலும் கொழுப்பு முழுவதும் வேண்டாதது என எண்ணுதலும் தவறு. ஆணுக்கு ஏறக்குறைய 3 சதவீதமும் பெண்ணுக்கு 12 சதவீதமும் உயிர்வாழ்வுக்கே இன்றியமையாதவை என்பது பென்கேயின் கணிப்பு.

"அப்படியானால் 18.6 போதுமா ஐயா?" என்றார் இளைஞர். நமது தரைப்படையின் ஆள்சேர்ப்பில் உயரமும், அதற்கேற்ற எடையும், மார்பளவும் பார்க்கப்படுகின்றன. மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பு 5 செ.மீ. விரிதல் வேண்டும் என்று கூறி, அதே நாடாவால் அவர் மார்பை அளந்தேன். இயல்பு நிலையில் 78, மூச்சிழுத்தபோது 82. விரிவு 4 தான். அதை அவர் அதுவரை அளந்ததேயில்லை. அன்று காலை மன்றத்துத் தோழர் வீட்டிலிருந்து வந்த இட்டிலிகளை உண்டபின், மார்பை விரிக்கும் மூச்சுப் பயிற்சியைத் தொடங்கினோம்.