பங்குனி முதல் ஆனி வரை: தவளையும் பல்லியும் பார்ப்போம்

பள்ளியில் வசந்த காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள் என்று என் பேத்தி சென்ற ஆண்டு ஓர் ஆங்கிலப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பனி உருகியதும் குளத்துக்கு வரும் தவளை, நியூட், வெயில் காயும் பாம்பு என்று அழகான படங்கள். "தாத்தா, மின்னி பேயில் நியூட் எங்கே இருக்கும்?" என்றாள். நியூட் என்பது வாலுள்ள, பார்வைக்குப் பல்லி போன்ற, ஆனால் தவளை இனத்தோடு உறவுடைய ஈரத்தோல் பிராணி. அது இத்தீவுகளிலும் இல்லை, தமிழ்நாட்டிலும் இல்லை. இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் டார்ஜிலிங் போன்ற கிழக்கு இமயமலைப் பகுதிகளுக்குத்தான் போக வேண்டும். குழந்தை முகம் வாடிவிட்டது. அதனால் நம் வாசலில் என்ன இருக்கிறது என்று அவளோடு சேர்ந்து பார்க்கத் தொடங்கினேன். அப்படிப் பார்த்ததும் அதையொட்டிப் படித்ததும்தான் இக்கட்டுரை.

நமக்கு வசந்தம் என்பது வறட்சியின் கடைசிப் பகுதி. தை முதல் சித்திரை வரை மழை குறைவு. பிறகு மே மூன்றாம் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை அந்தமான் கடலை அடைகிறது. கேரளத்தை அது தொடுவதற்கு ஏறத்தாழ பத்து நாள் முன்பே. ஆகவே பங்குனி, சித்திரை ஊர்வனவற்றுக்கு. வைகாசி, ஆனி தவளைகளுக்கு. இப்படிப் பிரித்துக்கொண்டால் சுலபம்.

பங்குனி வெயிலில் முதலில் தேட வேண்டியது பச்சைப் பல்லி. வீட்டுச் சுவரில் இரவில் விளக்கடியில் காத்திருக்கும் பல்லியல்ல இது. பகலில் திரிவது. தென்னை, பாக்கு, வாழை மரங்களில் பளிச்சென்ற பச்சையும் முதுகில் சிவப்புப் புள்ளிகளுமாக இருக்கும். அந்தமானுக்கே உரியது. இதன் நெருங்கிய உறவினர்கள் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? மடகாஸ்கரிலும் மொரீஷியஸ், செஷல்ஸ் தீவுகளிலும். இந்தியப் பெருநிலத்தில் ஒன்றுகூட இல்லை. இந்துமாக்கடலின் மறுகோடியில் உள்ள பல்லிக்கு நம் கொல்லைப்புற வாழையில் பங்காளி இருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. ஒரு மரத்தருகே பத்து நிமிடம் அசையாமல் உட்காருங்கள். ஓடி மறைந்தது தண்டின் மறுபக்கத்திலிருந்து மெல்லத் தலை நீட்டிப் பார்க்கும்.

காட்டோரப் புதர்களில் ஓணானைப் போன்ற ஒன்று உண்டு. இதுவும் இத்தீவுகளுக்கே உரியதுதான். பகலில் கண்ணில் படாவிட்டால் இரவில் டார்ச் விளக்குடன் தேடுங்கள். மெல்லிய குச்சிகளைப் பற்றிக்கொண்டு தூங்கும். தொட வேண்டாம், எழுப்பவும் வேண்டாம்.

ரங்கத் அருகே கத்பர்ட் பே, திக்லிப்பூர் அருகே காலிப்பூர் ஆகிய கடற்கரைகளுக்குப் போகிறவர்கள் இந்த மாதங்களில் ஆமைக் குஞ்சுகள் கடலுக்கு ஓடுவதைக் காணலாம். டார்ச்சை அணைத்துவிடுங்கள்; வெளிச்சத்தைக் கண்டால் அவை வழி தவறும்.

பாம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஊரிலிருந்து வருகிறவர்கள் இங்கேயும் கண்ணாடிவிரியனைத் தேடுவார்கள். கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் இங்கே இல்லை. ஆனால் நிம்மதிக்கு இடமில்லை. இங்குள்ள நாகமும் கட்டுவிரியனும் இத்தீவுகளுக்கே உரிய தனி இனங்கள். நம் நாட்டில் வழக்கமாகக் கிடைக்கும் விஷமுறிவு மருந்து பெருநிலத்தின் நான்கு பாம்புகளின் விஷத்தைக் கொண்டு தயாராவது. ஆகவே கடி வாங்காமல் இருப்பதே முதல் வைத்தியம். இரவில் போகும்போது முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் நல்ல விளக்கு, கூட ஒரு பெரியவர். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அலையாத்தி மரங்கள் உள்ள கழியோரத்துக்கு இருட்டியபின் போகவே கூடாது. உவர்நீர் முதலைக்கு நம் ஆராய்ச்சி ஆர்வம் தெரியாது.

இனித் தவளைகள். இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தவளைக்குக் கடல்நீர் ஆகாது. தோல் வழியே நீரையும் காற்றையும் வாங்கும் உடல் அது. கரைக்கு வெகு தொலைவிலுள்ள பெருங்கடல் தீவுகளில் தவளையே இல்லாததையும், உப்புநீர் தவளையையும் அதன் முட்டைகளையும் கொன்றுவிடுவதே அதற்குக் காரணம் என்பதையும் சார்லஸ் டார்வின் 1859இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். அப்படியிருக்க அந்தமானில் தனித் தவளை இனங்கள் பல இருப்பதே அரிய செய்தி. அவற்றில் ஒன்றுக்கு 1998இல் டார்வினின் பெயரையே வைத்தார்கள். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். மழைக்காலத்தில் மரப்பொந்துகளிலும் வேர் இடுக்குகளிலும் தேங்கும் நீர்தான் அதன் பிள்ளைப்பேறு அறை.

டில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். டி. பிஜு குழுவினர், இந்திய விலங்கியல் ஆய்வகத்தினருடனும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தினருடனும் சேர்ந்து பல மழைக்காலங்களில் 55 இரவுகள் இத்தவளையைக் கவனித்து 2024இல் எழுதியிருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் நீருக்கு வெளியே, பொந்தின் உட்சுவரில் தலைகீழாகப் பற்றிக்கொண்டு சேர்கின்றன. முட்டையும் அந்தச் சுவரிலேயே ஒட்டப்படுகிறது. பொரித்த தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழுந்து வளர்கின்றன. துணை கிடைக்காத ஆண்கள் உதைத்தும் கடித்தும் ஜோடியைப் பிரிக்கப் பார்க்குமாம். அந்தத் தொந்தரவிலிருந்து தப்பவே இந்தத் தலைகீழ் வித்தை தோன்றியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. இயற்கையான பொந்துகள் குறைந்த இடங்களில் இத்தவளைகள் நாற்றுப் பண்ணையின் பிளாஸ்டிக் பைகளிலும், காட்டோரத்தில் நாம் எறிந்த டப்பாக்களில் தேங்கிய மழைநீரிலும் முட்டையிடுகின்றன. கேட்கச் சாமர்த்தியமாகத் தோன்றும். ஆனால் அந்த டப்பாவை யாராவது கவிழ்த்தால், ஒரு வார வெயிலில் அது காய்ந்தால், ஒரு தலைமுறை போயிற்று.

தமிழன்பர்களுக்கு ஓர் இனிப்பான தகவல். நிக்கோபாரில் மழைக் குட்டைகளில் வாழும் ஒரு சின்னஞ்சிறு குறுவாய்த் தவளைக்கு 2022இல் 'நக்கவாரம்' என்றே அறிவியற்பெயர் சூட்டினார்கள். முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி 'மாநக்கவாரம்' என்று சொல்லும் அதே பெயர்தான்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வைகாசியின் முதல் பெருமழை அன்று வண்டூர் செல்லும் வழியில் ஒரு வயலோரம் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். தஞ்சைப் பக்கத்து வயல்களில் சிறுவயதில் கேட்ட அதே கனத்த குரல்! இறங்கிப் பார்த்தால் மஞ்சளாய் மின்னும் உடல், இரு பக்கமும் ஊதிய நீலத் தொண்டைப் பை. நம் ஊர்ப் பெருந்தவளையேதான். கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, "நம்ம ஊர்த் தவளை இங்கேயும் இருக்கிறது" என்று பெருமையாகச் சொன்னேன். போதாததற்கு, அடுத்த மாதம் ஒரு நண்பர் குட்டையிலிருந்து ஒரு வாளி மீன்குஞ்சு வாங்கிவந்து எங்கள் சிறு குட்டையில் விட்டேன். அதில் கொழுத்த தலைப்பிரட்டைகளும் இருந்தன. இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பெருந்தவளை இத்தீவுகளுக்கு உரியதல்ல. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் பரவத் தொடங்கியது என்று தீவு மக்களிடம் விசாரித்த ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். வளர்ப்பு மீன்குஞ்சுகளோடு கலந்து வந்தது. சிலர் உண்பதற்காகவும் வேண்டுமென்றே கொண்டுவிட்டார்கள். அதன் தலைப்பிரட்டை மற்றத் தலைப்பிரட்டைகளைத் தின்னும். நித்ய பிரகாஷ் மொஹந்தி, ஜான் மீசி இருவரும் 2019இல் வெளியிட்ட சோதனையில், அதனுடன் ஒரே நீரில் விடப்பட்ட இரண்டு தீவுத் தவளை இனங்களின் தலைப்பிரட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. என் குட்டையருகே முன்பு மழை இரவுகளில் கிரிச் கிரிச்சென்று கேட்ட சிறு குரல்கள் ஏன் நின்றுபோயின என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நம் ஊரில் அந்தத் தவளை விவசாயியின் தோழன். அதன் கால்களை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பிவந்ததை 1987இல் அரசு தடை செய்தது. அதே பிராணி கடல் தாண்டி வந்ததும் வேறு வேலை செய்கிறது. பிறந்த ஊர்க் குரல் என்பதற்காக அதற்கு இங்கே இடம் கேட்க எனக்கு இப்போது மனம் வரவில்லை.

சரி, மாணவர்கள் என்ன செய்யலாம்? நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், மழை உண்டா, இடம், கேட்ட ஒலி ஆகியவற்றை எழுதுங்கள். ஒலியை எழுத்தில் எழுதிப் பாருங்கள், 'டொக் டொக்', 'கிர்ர்' என்று. செல்போனில் பதிவும் செய்யலாம். தவளையைக் கையில் எடுக்காதீர்கள். கொசு மருந்து தடவிய விரல் அதன் தோலுக்கு விஷம். மழைக்கு முன்பே காட்டோர டப்பாக்களையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கிவிடுங்கள். கொசுவுக்கும் அது நல்ல மருந்து. மழை தொடங்கியபின் நீர் தேங்கிய ஒன்றைக் கண்டால், கவிழ்க்கும் முன் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். சுவரில் முட்டை ஒட்டியிருந்தால் அப்படியே விட்டுவிட்டு, வால் மறைந்த குட்டிகள் வெளியேறியபின் எடுத்து வாருங்கள்.

மீன்குஞ்சு வாங்கும் பெரியவர்கள் வாளியை நேரே குட்டையில் கொட்டாமல் வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பாருங்கள். உருண்டைத் தலையும் ஒற்றை வாலுமாக எது தென்பட்டாலும் அது மீனல்ல. அதை வேறு எந்த நீரிலும் விட வேண்டாம். என் பேத்தி இப்போது அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சென்ற வைகாசியில் மூன்றைப் பிடித்தாள்.