சொன்னது போய்ச் சேர்ந்ததா?
கருத்துப் பரிமாற்றத்தில் ஏற்படும் தடைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்



விதை, உரம், நீர் ஆகியவற்றைப் போலவே செய்தியும் ஓர் இடுபொருளாகும். மற்ற இடுபொருட்களை விலை கொடுத்து வாங்குகிறோம். செய்தி பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் அது தவறாக வந்து சேர்ந்தால், விலை கொடுத்து வாங்கிய மற்ற அனைத்தும் வீணாகிவிடுகின்றன. சில நேரங்களில் உயிருக்கே ஆபத்து நேருகிறது. ஆகவே, சொன்ன செய்தி கேட்டவரிடம் ஏன் சரியாகச் சேர்வதில்லை, அதைச் சேரச் செய்வது எப்படி என்பதை உழவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியமாகும்.

தொண்டூர்ப் பாறை தரும் பாடம்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிப் பகுதியைச் சேர்ந்த தொண்டூரில், சமண முனிவர்களுக்காகப் பாறையில் வெட்டப்பட்ட கற்படுக்கைகள் இருக்கின்றன. அங்கே மிகப் பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டும் உள்ளது. அது ஏறத்தாழ 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கணித்துள்ளனர். படுக்கையைச் செய்வித்தவர் யார், செய்தவர் யார் என்பதை அது கூறுகிறது. அதில் வரும் அகழூர் என்ற பெயர், அருகிலுள்ள அகலூராக இன்றும் வழங்கி வருகிறது. ஆனால் படுக்கையைக் குறிக்க அதில் வரும் 'அதிட்டானம்' என்ற சொல் இன்று உழவர் வழக்கில் இல்லை. அந்த எழுத்தையும் பயின்றவர் மட்டுமே படிக்க இயலும்.

கல்லில் வெட்டிய செய்தி அழியவில்லை. இருந்தும் பாறையடியில் ஆடு மேய்ப்பவருக்கு அது வெறும் கீறலாகவே தெரியும். செய்தியைச் சொல்லிவிடுவதால் மட்டும் அது சேர்ந்துவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஒரு செய்தி சென்று சேர நான்கு உறுப்புகள் தேவை. சொல்பவர், செய்தி, செய்தி செல்லும் வழி, கேட்பவர் என்பவையே அவை. ஐந்தாவதாக ஒன்று உண்டு. அது கேட்டவரிடமிருந்து திரும்பி வரும் மறுமொழி. இந்த ஐந்தாவது உறுப்புத்தான் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. கீழே கூறப்படும் தடைகள் அனைத்தும் மறுமொழி இல்லாதபோதே மறைந்து நின்று கேடு செய்கின்றன.

1. சொல்லால் வரும் தடை

துண்டறிக்கைகளில் 'பொருளாதாரச் சேதநிலை' என்ற தொடர் வருவதைக் கண்டிருப்பீர்கள். பூச்சியால் ஏற்படும் நட்டம், அதைக் கட்டுப்படுத்த ஆகும் செலவைவிட அதிகமாகும் நிலை என்பதே இதன் பொருள். இப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்கும். விளங்காத சொல் வந்தால் அதைத் தாண்டிச் செல்லாமல், 'அப்படியென்றால் என்ன?' என்று உடனே கேட்க வேண்டும்.

தெரிந்த சொல்லும் சில வேளைகளில் ஏமாற்றும். பூச்சிக்கொல்லியை நாம் 'மருந்து' என்றே அழைக்கிறோம். மருந்து என்பது நோய் தீர்ப்பது, இதுவோ நஞ்சு. வீட்டில் காய்ச்சல் மாத்திரையும் மருந்து, பரணில் உள்ள புட்டியும் மருந்து என்றால் குழந்தைகள் எப்படி வேறுபாடு அறிவார்கள்? குறைந்தபட்சம் வீட்டுக்குள்ளாவது அதை நஞ்சு என்று சொல்லிப் பழக வேண்டும்.

எழுத்தைப் படிக்காதவருக்கும் விளங்கவே, 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி புட்டிகளில் சாய்சதுரக் குறி அச்சிடப்படுகிறது. அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும். சிவப்பு மிகமிகக் கடுமையானது. மஞ்சள் அதற்கடுத்தது. நீலம் நடுத்தரமானது. பச்சை ஓரளவு நஞ்சுடையது. பச்சை நிறத்தைப் பார்த்து 'தீங்கற்றது' என்று கருதுவதும் தவறே. இந்நிறங்களின் பொருளைத் தெளிப்பு வேலைக்கு வருபவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

2. அளவால் வரும் தடை

செஞ்சிப் பகுதியில் நிலத்தைக் காணிக் கணக்கில் பேசுவது வழக்கம். காணி என்பது ஏறத்தாழ 1.32 ஏக்கர். பரிந்துரைகளோ பெரும்பாலும் எக்டர் கணக்கில் வெளியாகின்றன. ஓர் எக்டர் என்பது ஏறத்தாழ 2.47 ஏக்கர் ஆகும்.

நிலக்கடலைக்கு எக்டருக்கு 400 கிலோ ஜிப்சம் இடப் பரிந்துரைக்கப்படுகிறது. இது ஏக்கருக்கு ஏறத்தாழ 160 கிலோவும், காணிக்கு ஏறத்தாழ 210 கிலோவும் ஆகும். எக்டர் என்பதை ஏக்கர் என்று கேட்டுக்கொண்டவர் இரண்டரை மடங்கு வாங்கிச் செலவை ஏற்றிக்கொள்வார். களைக்கொல்லியில் இதே பிழை நேர்ந்தால் பயிரே கருகிவிடும்.

'மூட்டை' என்பதும் நிலையான அளவன்று. நிலக்கடலை மூட்டை 80 கிலோ. உர மூட்டை பொதுவாக 50 கிலோ. யூரியா மூட்டையோ 2018 முதல் 45 கிலோவாக மாறிவிட்டது. எனவே 'ஏக்கருக்கு ஒரு மூட்டை' என்ற பழைய பேச்சு யூரியாவுக்கு இன்று பொருந்தாது.

தெளிப்பிலும் இவ்வாறே. 'டேங்குக்கு ஒரு மூடி' என்று கடையில் சொல்வதுண்டு. எந்த டேங்க், எந்த மூடி? லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி என்பது பரிந்துரையானால், 10 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 20 மில்லியும், 16 லிட்டர் தெளிப்பானுக்கு 32 மில்லியும் தேவை. புட்டிக்குப் புட்டி மூடியின் கொள்ளளவு வேறுபடும். ஆகவே கிலோ, மில்லி, லிட்டர் ஆகிய அளவுகளிலேயே கேட்டு, நம் நிலத்துக்கும் நம் தெளிப்பானுக்கும் ஏற்பக் கணக்கிட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

3. பாதிச் செய்தியால் வரும் தடை

நிலக்கடலை விதையை டிரைக்கோடெர்மா விரிடி கொண்டு, கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் நேர்த்தி செய்வது வேரழுகலைத் தடுக்கும் நல்ல முறையாகும். ஆனால் டிரைக்கோடெர்மா என்பதே நன்மை செய்யும் ஒரு பூசணம். இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று எண்ணி, இரசாயனப் பூசணக்கொல்லியையும் அதே விதையில் கலந்தால், நன்மைப் பூசணமும் மடிந்துவிடும். செலவு மட்டுமே இரட்டிப்பாகும்.

'டிரைக்கோடெர்மா கலக்க வேண்டும்' என்பது பாதிச் செய்தி. 'பூசணக்கொல்லியுடன் சேர்க்கக் கூடாது. முதலில் டிரைக்கோடெர்மா, அதன் பிறகு ரைசோபியம் உயிர் உரம்' என்பதே முழுச் செய்தி. எந்தப் பரிந்துரையைக் கேட்டாலும், 'இதனுடன் எதைச் சேர்க்கக் கூடாது? எது முன், எது பின்?' என்று கேட்டறிவது நலம்.

4. காலத்தால் வரும் தடை

இறவை நிலக்கடலைக்கு ஜிப்சத்தை விதைத்த 40 முதல் 45 நாட்களுக்குள் இட்டு, மண் அணைக்க வேண்டும். விழுதுகள் மண்ணில் இறங்கிய பின்னர் மண்ணைக் கிளறினால் அவை சேதமுற்று, காய் பிடிப்பது குறையும். எனவே இச்செய்தி 60-ஆம் நாளில் கிடைப்பதால் பயனில்லை; அதைக் கேட்டு அன்றே மண் அணைத்தால் கேடும் விளையும். செய்தி உண்மையானதுதான், ஆனால் அதன் காலம் கடந்துவிட்டது. கைபேசியில் பகிரப்படும் செய்திகளில் இத்தடை மிகுதி. வேறு மாவட்டத்துக்கு, வேறு பட்டத்துக்கு, சென்ற ஆண்டு சொன்னது இன்று நம் கைக்கு வரலாம். நாள், பருவம், ஊர் ஆகியவை குறிப்பிடப்படாத செய்தியை உறுதி செய்யாமல் கடைப்பிடிக்கக் கூடாது.

5. செய்யும் கைக்குச் சேராத தடை

கூட்டத்துக்குச் செல்பவர் பெரும்பாலும் ஆண்கள். விதை நேர்த்தி, களையெடுத்தல், காய் பறித்தல் ஆகியவற்றில் பெரும்பங்கு வேலை செய்பவர் பெண்கள். தெளிப்பவர் பல வேளைகளில் கூலித் தொழிலாளி. கேட்டவர் ஒருவர், செய்பவர் மற்றொருவர் என்றால் செய்தி நடுவழியில் தேய்ந்துவிடுகிறது. 1980-களில் நடைமுறையில் இருந்த பயிற்சி மற்றும் தொடர்பு முறையில், தொடர்பு விவசாயியிடம் கூறப்படும் செய்தி மற்றவர்களுக்கும் பரவும் என்று எதிர்பார்க்கப்பட்டது. வாய்மொழியாகக் கைமாறும்போது முதலில் உதிர்வது எண்களும் நாட்களுமே.

எனவே, இயன்றவரை வேலை செய்பவரையே பயிற்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். இயலாதபோது எண்ணையும் நாளையும் எழுதிக்கொண்டு வந்து கொடுங்கள். சொல்லிக் காட்டுவதைவிட முதல் கிலோ விதையைச் செய்து காட்டுவது மேலானது.

6. தயக்கத்தால் வரும் தடை

எல்லாவற்றிலும் பெரிய தடை இதுவே. விளங்காவிட்டாலும் 'சரிங்க' என்று தலையசைத்துவிடுகிறோம். பலர் முன்னிலையில் கேட்டால் நமக்குத் தெரியவில்லை என்று நினைப்பார்களோ என்ற கூச்சம் ஒருபுறம். அலுவலர் அவசரத்தில் இருக்கிறார் என்ற எண்ணம் மறுபுறம். சொன்னவர், சேர்ந்துவிட்டது என்று மகிழ்ச்சியுடன் திரும்புகிறார். கேட்டவர், பக்கத்து நிலத்தில் செய்வதைப் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்.

இதற்கு மருந்து, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. கீழ்க்கண்ட உரையாடலைக் கவனியுங்கள்.

அலுவலர்: "ஐயா, நான் சொன்னதை ஒருமுறை நீங்க சொல்லுங்க. நான் எதையாவது விட்டிருந்தா தெரிஞ்சுடும்."

உழவர்: "காணிக்கு நாலு மூட்டைக்கு மேல கொஞ்சம் ஜிப்சம். களை வெட்டினதும் போட்டு மண் அணைக்கணும் சார்."

அலுவலர்: "எத்தனாவது நாள் வெட்டுவீங்க?"

உழவர்: "இருபது நாள்ல வெட்டிடுவோம்."

அலுவலர்: "அது முதல் களைங்க. நான் சொன்னது ரெண்டாம் களை. நாப்பது நாளைக்கு மேல, நாப்பத்தஞ்சுக்குள்ள போடணும்."

உழவர்: "அப்படிச் சொல்லுங்க சார். நான் முதல் களைக்குன்னு நினைச்சுட்டேன்."

திருப்பிச் சொன்னதால்தான் பிழை வெளிப்பட்டது. 'புரிந்ததா?' என்று அலுவலர் கேட்டிருந்தால் 'புரிந்தது' என்ற ஒரே விடையே கிடைத்திருக்கும். 'நான் விட்டிருந்தால்' என்று சொல்பவர் தன் மேல் போட்டுக்கொண்டு கேட்டதால் கேட்டவருக்கும் கூச்சம் ஏற்படவில்லை. அலுவலர் இவ்வாறு கேட்காவிட்டாலும், 'நான் விளங்கிக்கொண்டது சரிதானா, பாருங்கள்' என்று உழவரே தொடங்கலாம்.

உழவர் சொல்லும் செய்தியும் தெளிவாக இருக்க வேண்டும்

தடை ஒரு பக்கம் மட்டும் இருப்பதில்லை. 'கடலை மஞ்சளாகுது, என்ன அடிக்கலாம்?' என்று மட்டும் கேட்டால் சரியான விடை சொல்ல இயலாது. இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். முதிர்ந்த அடியிலைகள் முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகள் வாடினால் வேரைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். ஆகவே இரகம், விதைத்த நாள், எந்த இலை, வயல் முழுவதுமா திட்டுத்திட்டாகவா, கடைசியாக இட்டதும் தெளித்ததும் என்ன ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேருடன் பிடுங்கிய செடியைக் கையோடு எடுத்துச் செல்வது இன்னும் சிறந்தது.

கேட்டுக் கலந்து பேசியதால் கிடைத்த பலன்

வானொலி ஒருவழிச் சாதனம். அதையும் இருவழியாக்க 1956-இல் புனேயை மையமாகக் கொண்டு சுமார் 150 சிற்றூர்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைத்துச் சோதித்தனர். உழவர்கள் கூடியிருந்து நிகழ்ச்சியைக் கேட்டு, தமக்குள் கலந்து பேசி, தம் ஐயங்களை வானொலி நிலையத்துக்கு எழுதினர். மன்றம் இல்லாத ஊர்களைவிட மன்றம் இருந்த ஊர்களில் அறிவு கூடுதலாக வளர்ந்தது ஆய்வில் தெரிந்தது. நம் தஞ்சையில் 1960-களில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் பரவியபோது, வானொலி வழியாக அதைப் பற்றி அறிந்த உழவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள்.

இன்று வழிகள் பெருகியுள்ளன. 2004-இல் தொடங்கப்பட்ட உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம். 2018 முதல் உழவன் செயலி உள்ளது. செஞ்சிப் பகுதி உழவர்களுக்குத் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமும் வேளாண்மை அறிவியல் நிலையமும் அருகிலேயே இருக்கின்றன. வழி எதுவானாலும் மறுமொழி இல்லையேல் பயன் பாதியே.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

எந்தப் பரிந்துரையைப் பெற்றாலும், இடத்தை விட்டு எழுமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

1. பொருளின் பெயர் என்ன?
2. என் நிலத்துக்கு, என் தெளிப்பானுக்கு எவ்வளவு?
3. விதைத்த எத்தனாவது நாள்?
4. இதனுடன் எதைச் சேர்க்கக் கூடாது?
5. பலன் தெரியாவிட்டால் யாரிடம், எப்போது சொல்ல வேண்டும்?

எழுதியதைப் படித்துக் காட்டி, சொன்னவரிடம் 'சரி' என்று பெற்ற பின்னரே செய்தி சேர்ந்ததாகக் கொள்ள வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம், செலவு ஏதுமில்லை. எதிர்வரும் பட்டத்துக்கு விதை வாங்கும் நாளிலேயே இப்பழக்கத்தைத் தொடங்கி, இட்ட இடுபொருளின் முழுப் பயனையும் அடைவீர்களாக.